சைக்கிள் மிதிச்சா கால் தடிச்சுப் போகுமா?



கிராமத்துல ஒருத்தர் முகத்தைப் பார்க்காம காலை மட்டும் பார்த்தே அவர் என்ன பாடுபட்டவர்னு பாதி சொல்லிடலாம். பனை ஏறினவருக்குப் பாதத்தோட உள்பக்கம் காய்ச்சுப் போயிருக்கும். காலமெல்லாம் நாத்து நட்ட பொம்பளைகளுக்கு விரல் இடுக்குல சேத்துப்புண் தழும்பு இருக்கும். ரைஸ்மில்லுல மூட்டை தூக்கினவர் தொடை புளியமரத்து அடிமரம் மாதிரி திரண்டு நிக்கும். அப்படின்னா தினம் சைக்கிள் மிதிக்கிறவங்க கால் எப்படி இருக்கும்? தடிக்குமா, மெலியுமா, உருவம் மாறுமா?

போன ஒரு வருஷமா எங்க வீட்டுல இதுதான் பேச்சு. பொழுதுபோகாத பேச்சு இல்லைங்க. ஒரு பிள்ளையோட பிளஸ் டூ படிப்பு இந்தக் கேள்வியில மாட்டிக்கிட்டு நின்னுச்சு.

எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம். என் தம்பிக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவ திருச்சியில ஹாஸ்டல்ல தங்கி காலேஜ் படிக்கிறா. சின்னவளுக்கு 7 கிலோமீட்டர் தள்ளி மேல்நிலைப் பள்ளி. பிளஸ் ஒன்ல அரசாங்கம் கொடுத்த சைக்கிள்லதான் போயிட்டு வந்தா. காலையில பஸ் உண்டு. சாயங்காலம் 4:45க்கு ஒரு டவுன் பஸ், அதை விட்டா ராத்திரிதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 5:30 வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறாங்க. சைக்கிள் இருந்தாதான் அந்த கிளாஸ்ல உட்கார முடியும்.

கோடை லீவுல ஒரு சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். அங்க பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கிட்டு இந்தப் பிள்ளை தண்ணிக்குடம் தூக்கியிருக்கா. பார்த்த ஒரு அம்மா, "என்னடி இது, கெண்டைக்கால் ஆம்பளைப் பய மாதிரி உருண்டு போச்சு. சைக்கிள் மிதிச்சா இப்படித்தான். நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவன் என்ன சொல்வான்?"னு நாலு பேருக்கு முன்னாடி கேட்டுருச்சு. எங்க ஆத்தா, அதாவது பிள்ளைக்கு அப்பத்தா, அதைக் கேட்டு வந்து வீட்டுல ஒரு வாரம் அதையே பாடிக்கிட்டு இருந்துச்சு. ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்தப்ப பிள்ளை சொல்லிட்டா: "பெரியப்பா, நான் பஸ்ஸுலயே போறேன். ஸ்பெஷல் கிளாஸ் வேணாம்."

அவ கணக்குல கொஞ்சம் சுணக்கம். ஸ்பெஷல் கிளாஸ் அவளுக்கு வேணும். அதனால இதை அப்படியே விட மனசு வரலை.

இந்தப் பேச்சு எங்க மாவட்டத்துக்குப் புதுசும் இல்லைங்க. 1991-92ல அறிவொளி இயக்கம் இங்க நடந்தப்ப, எழுத்துப் படிப்போட சேர்த்து பொம்பளைகளுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. அப்ப கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சம் பெண்களுக்கு மேல சைக்கிள் கத்துக்கிட்டாங்கன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்காரு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம, பார் வச்ச ஆம்பளை சைக்கிள்லயே கத்துக்கிட்டவங்க நிறைய. அந்த பார்ல பிள்ளையை உட்கார வச்சுக்கலாம்னு அதுவே நல்லதுன்னவங்களும் உண்டு. என் வீட்டுக்காரம்மா அப்ப கல்யாணம் ஆகாத பொண்ணு, அவங்க ஊர்ல அப்படித்தான் கத்துக்கிட்டாங்க. அப்பவும் டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து இவங்க காலைப் பத்தித்தான் பேசினாங்களாம். "கேட்டுக்கிட்டேதான் மிதிச்சோம்"னு இன்னிக்கும் சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவாங்க.

ஆனா பதினாறு வயசுப் பிள்ளைக்கு "கேட்டுக்கிட்டே மிதி"ன்னு சொன்னா போதுமா? அவ கேட்டது நேரான கேள்வி. தடிக்குமா தடிக்காதா? அதுக்கு நேரான பதில் சொல்லணும்ல.

எனக்கு இதுல கொஞ்சம் விவரம் தெரிஞ்சதுக்குக் காரணம் என் வீட்டுக்காரம்மாவோட உடைஞ்ச கால். நாலு வருஷத்துக்கு முன்னாடி வரப்புல வழுக்கி விழுந்து இடது கால் எலும்பு முறிஞ்சு, மாவுக்கட்டு போட்டோம். கட்டுப் பிரிச்ச பிறகு பல மாசம் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க நிக்க வச்ச சைக்கிள் ஒண்ணுல உட்கார வச்சு மிதிக்க விட்டாங்க. நான் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளு இல்லை, கேள்வியா கேட்டுக்கிட்டு இருப்பேன். அந்தப் பிசியோதெரபிஸ்ட் பையனும் பொறுமையாச் சொன்னாரு. அப்ப தெரிஞ்சுக்கிட்டதையும் பிறகு படிச்சதையும் சேர்த்துத்தான் எழுதறேன்.

முதல்ல, பெடலை எது மிதிக்குது? எல்லாரும் கெண்டைக்கால்னு நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியறது அதுதானே. ஆனா பெரும்பாலான வேலை அதுக்கு மேல நடக்குது. பெடல் சுத்தறதைக் கடிகாரமா நினைச்சுக்கங்க. 12 மணியிலேருந்து 6 மணிக்கு இறங்கும்போதுதான் அழுத்தறோம். அதிலயும் 3 மணி கிட்ட வரும்போது அழுத்தம் உச்சத்துல இருக்கும். அந்த அழுத்தத்தைக் கொடுக்கறது முன்தொடையில இருக்கிற நாலு தசைகளும் பிட்டத்துல இருக்கிற பெரிய தசையும். பின்தொடைத் தசை கூட உதவி செய்யும். கெண்டைச்சதையோட முக்கியமான வேலை, கணுக்கால் தொய்ஞ்சு போகாம இறுக்கிப் பிடிச்சு, மேலேருந்து வர்ற அழுத்தத்தைப் பெடலுக்குக் கடத்தறது. நம்ம பாஷையில சொன்னா, இழுக்கறது மாடு, அந்த இழுவையைக் கலப்பைக்குக் கொண்டு போறது ஏர்க்கால். சைக்கிள்ல தொடைதான் மாடு, கெண்டைக்கால் ஏர்க்கால். அதுக்கும் வேலை உண்டு. ஆனா பாரம் இழுக்கிற வேலை இல்லை.

அடுத்தது, ஒரு தசை எப்பப் பெருக்கும்? தூக்க முடியாததைத் தூக்கும்போது பெருக்கும். பத்து, இருபது, மிஞ்சிப்போனா முப்பது தடவை செஞ்சா இனி முடியாதுன்னு வர்ற மாதிரி பளு கொடுத்து, சாப்பாடும் ஓய்வும் சேர்த்துக் கொடுத்தா தசை தடிக்கும். ஜிம்முல நடக்கறது அதுதான். சைக்கிள்ல என்ன நடக்குது? நான் எங்க களத்துல அவ சைக்கிளை வச்சு அளந்து பார்த்தேன். பெடல் ஒரு முழுச் சுத்து சுத்தினா சைக்கிள் ஏறக்குறைய 5 மீட்டர் போகுது. அப்ப 7 கிலோமீட்டருக்கு 1,400 சுத்து. போக வர 2,800. ஒரு நாளைக்கு 2,800 தடவை ஒரு காலால செய்ய முடியற வேலைன்னா, ஒவ்வொரு தடவையும் அந்தப் பளு எவ்வளவு லேசா இருக்கணும்? இவ்வளவு லேசான வேலைக்குத் தசை பெருத்துக்கிட்டுப் போகாது. வேற ஒண்ணு பண்ணும். தசைக்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் கூடும். சர்க்கரையையும் கொழுப்பையும் எரிச்சுச் சக்தியாக்கற நுண்ணிய உறுப்புகள் கூடும். அதே சதை, ஆனா களைக்காத சதை.

தசை நார்ல ரெண்டு வகை இருக்குங்க. ஒண்ணு மெதுவாச் சுருங்கும், சீக்கிரம் களைக்காது. இன்னொண்ணு வேகமாச் சுருங்கும், பலமா உதைக்கும், சட்டுனு ஓஞ்சிடும். பெருசா தடிக்கறது இந்த ரெண்டாவது வகைதான். எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதைச் சொல்ல உழவு மாடும் பந்தய மாடும் போதும். பந்தய மாட்டோட திமிலையும் தொடையையும் உழவு மாட்டுல தேட முடியாது. ஆனா பொழுதுக்கும் உழறது உழவு மாடுதான். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதிக்கறது உழவு வேலை.

இன்னொரு காரணமும் உண்டு. படிக்கட்டுல இறங்கும்போது உடம்பு கனத்தைத் தாங்கி மெதுவா இறக்கறோம் பாருங்க, தசை நீண்டுக்கிட்டே பளு தாங்கற வேலை அது. மறுநாள் தொடை பிடிச்சுக்கிட்டு வலிக்கறது பெரும்பாலும் அந்த மாதிரி வேலையாலதான். தசையை வளரத் தூண்டறதுலயும் அதுக்குப் பங்கு உண்டு. சைக்கிள்ல அந்த இறக்கற வேலை கிட்டத்தட்ட இல்லை. அழுத்தறோம், விட்டுடறோம். அதனாலதான் எவ்வளவு தூரம் மிதிச்சாலும் பழகின காலுக்கு மறுநாள் பெருசா வலி தெரியாது.

இதெல்லாம் சொன்னா, "அப்ப டிவியில சைக்கிள் பந்தயக்காரங்க தொடை அப்படி இருக்கே பெரியப்பா"ன்னு கேட்டா. நல்ல கேள்வி. ஜெர்மனிக்காரர் ஒருத்தர், ராபர்ட் ஃபோர்ஸ்டமன்னு பேரு. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல குழுப் போட்டியில வெண்கலம் வாங்கினவர். அவர் தொடைச் சுற்றளவு 70 சென்டிமீட்டருக்கும் மேல. நம்மள்ல பல பேருக்கு இடுப்பே அவ்வளவுதான். சைக்கிள் மிதிச்சு மின்சாரம் எடுத்து, 700 வாட் டோஸ்டர்ல ஒரு ரொட்டித் துண்டை வாட்டற வீடியோ ஒண்ணு அவரோடது இருக்கு. ரொட்டி வெந்து முடியறப்ப மனுஷன் தரையில கிடப்பாரு. ஆனா அவர் ஓட்டினது நீள்வட்டத் தளத்துல, ஒரு நிமிஷத்துக்குள்ள முடியற உயிரைக் கொடுத்து உதைக்கிற ஓட்டம். அதுக்காகத் தோள்ல இரும்பை ஏத்தி உட்கார்ந்து எழுந்து வருஷக்கணக்கா உழைச்சிருக்காரு. தொடை அங்கேருந்து வந்தது. உடல்வாகும் கூட நின்னுருக்கும்.

அதே சைக்கிள்ல இன்னொரு பக்கம் பாருங்க. பிரான்ஸ் நாட்டுல நடக்கிற டூர் தி பிரான்ஸ் பந்தயம். மூணு வாரம், 21 கட்டம், 3,000 கிலோமீட்டருக்கு மேல, மலையெல்லாம் ஏறி இறங்குவாங்க. அதுல நாலு தடவை ஜெயிச்ச கிறிஸ் ஃப்ரூமோட காலைப் பார்த்தா நம்ம ஊர்க் கிழவிங்க, "இந்தப் பிள்ளைக்குச் சோறு போடறாங்களா இல்லையா"ன்னு கேட்டுருவாங்க. உலகத்துலயே அதிகம் சைக்கிள் மிதிச்ச கூட்டத்துல ஒருத்தர் அவர். அதிகம் மிதிச்சா தடிக்கும்கறது உண்மைன்னா அவர் கால்தானே உரல் மாதிரி இருக்கணும்?

அவ்வளவு தூரம் போவானேன். எங்க ஊர்ல ஒரு பால்காரர் இருந்தாரு. முப்பது வருஷத்துக்கு மேல, ரெண்டு பக்கமும் கேன் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் டவுனுக்குப் போய் வந்தவர். அவர் கால் மெலிஞ்சு, முறுக்கேறி, தாம்புக்கயிறு மாதிரி இருக்கும். விரலால அமுக்கினா அமுங்காது. பருமனே கிடையாது. பாரம் வச்சு மிதிச்சவருக்கே அப்படின்னா, புத்தகப் பை வச்சு மிதிக்கிற பிள்ளைக்கு என்ன ஆயிடப் போகுது?

பேச்சு எல்லாம் கேட்டுட்டு, "சரி பெரியப்பா, ஆனா என் கால் நிஜமாவே பெருசாயிருக்கு. சாயங்காலம் டேப் வச்சு அளந்தேன்"னா. அங்கதான் விஷயமே இருக்கு. சைக்கிள் மிதிச்சு இறங்கின உடனே அளந்திருக்கா. வேலை செஞ்ச தசைக்குள்ள ரத்தமும் நீரும் பாய்ஞ்சு கொஞ்ச நேரம் விம்மி நிக்கும். அது ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சுடும். வளர்ச்சி இல்லை அது. மழை பெஞ்ச அன்னிக்கே கண்மாயை அளந்துட்டு, இந்த வருஷம் தண்ணி கூடிப் போச்சுன்னு சொல்ற மாதிரி.

அதனால ஒரு ஏற்பாடு பண்ணினோம். சைக்கிள்ல போ. ஞாயித்துக்கிழமை காலையில எழுந்த உடனே, ஒரே ஆளு, ஒரே இடத்துல, டெய்லர் டேப்பால அளக்கணும். கெண்டைச்சதை அதிகமா இருக்கிற இடத்துல பேனாவால ஒரு புள்ளி. தொடைக்கு முட்டிக்கு மேல ஒரு ஜாண். டேப்பை இறுக்கக் கூடாது, தொய்ய விடவும் கூடாது. நோட்டுல எழுதணும். பொங்கல் வரைக்கும் அளப்போம், அளவு உன் மனசுக்குப் பிடிக்கலைன்னா பஸ்ஸுல போ, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்னு சொன்னேன். என் வீட்டுக்காரம்மா அளந்தாங்க, அவ எழுதினா.

ஜூன்ல கெண்டைக்கால் பன்னிரண்டே கால் இஞ்ச். பொங்கலுக்குப் பன்னிரண்டரை. தொடை அரை இஞ்ச் கூடியிருந்துச்சு. இதுக்குள்ள பிள்ளைக்கு ரெண்டு கிலோ எடையும் ஏறியிருக்கு. பதினாறு பதினேழு வயசுப் பொண்ணு, உடம்பு நிரம்பற வயசு. ஏழு மாசத்துல கால் இஞ்ச் கூடறதுல கவலைப்பட ஒண்ணுமில்லை. நம்ம நாட்டுல பிள்ளைங்க சைக்கிள் மிதிக்கிறதும் உடம்பு வளர்றதும் ஒரே ரெண்டு வருஷத்துல நடக்குது. வயசு பண்ற வேலைக்கெல்லாம் சைக்கிள் பேர் வாங்கிக்குது.

பொங்கலுக்குப் பெரியவ ஊருக்கு வந்தா. அவ சைக்கிளே மிதிக்க மாட்டா, ஹாஸ்டல் வாசல்லேருந்து பஸ். அவ கெண்டைக்காலையும் அளந்தோம். பதிமூணு இஞ்ச். அதே உருண்டை, அதே இடத்துல. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னா காலை வச்சு யார் எவர்னு சொல்ல முடியாது. அப்பதான் என் வீட்டுக்காரம்மா மெதுவா, "அத்தை, நீங்களும் சேலையைக் கொஞ்சம் தூக்குங்க"ன்னாங்க.

எங்க ஆத்தாவுக்கு 78 வயசு. வாழ்நாள்ல சைக்கிள் சீட்டுல உட்கார்ந்ததில்லை. கேரியர்ல உட்காரவே பயப்படும். அந்த வயசுலயும் அதே கெண்டைக்கால். முட்டிக்குக் கொஞ்சம் கீழ ஆரம்பிச்சு, உருண்டு, தாழ இறங்கி முடியற அதே உருவம். சின்னவ பார்த்தா, பெரியவ பார்த்தா, ஆத்தாவும் குனிஞ்சு தன் காலைப் பார்த்துச்சு. "ஏப்பா, எங்க அப்பனுக்கும் இப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிருச்சு. அதுக்கப்புறம் அந்தப் பாட்டு நின்னு போச்சு.

கெண்டைச்சதை எவ்வளவு நீளம், அது எந்த இடத்துல முடிஞ்சு குதிகாலுக்குப் போற நாணா மாறுதுங்கறதை வச்சுத்தான் காலோட உருவம். நாண் நீளமா இருக்கிறவங்களுக்கு சதை மேலயே உருண்டு நிக்கும், கீழ மெலிஞ்சிருக்கும். நாண் குட்டையா இருந்தா சதை கணுக்கால் பக்கம் வரைக்கும் இறங்கி இருக்கும். அது பிறவியில வர்றது. சைக்கிள் மிதிச்சும் மாறாது, மிதிக்காம விட்டும் மாறாது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் கால் பிடிக்கலைன்னா எங்க ஆத்தாவோட அப்பாவைத்தான் போய்க் கேட்கணும்.

ஒண்ணுமே மாறாதுன்னும் நான் சொல்லலைங்க. பல வருஷமா நாற்காலியிலயே உட்கார்ந்திருந்த ஒருத்தர் புதுசா சைக்கிள் மிதிக்க ஆரம்பிச்சா, தொடைத் தசை ஓரளவு கூடும். ஓஞ்சு கிடந்த சதை தன் அளவுக்குத் திரும்பி வருது. முதல் சில வாரத்துல பலம் கூடின மாதிரி இருக்கும், ஆனா டேப்புல ஒண்ணும் தெரியாது. நரம்பு அந்தத் தசைகளை ஒண்ணா வேலை வாங்கப் பழகிக்கறதால வர்ற பலம் அது. முட்டிக்கு மேல உள்பக்கம் கண்ணீர்த் துளி மாதிரி ஒரு சதை இருக்கும், அது எடுப்பாத் தெரிய ஆரம்பிக்கும். மேல இருக்கிற கொழுப்பு கரைஞ்சா அடியில இருக்கிற தசையோட கோடு தெரியும். பார்க்கறவங்க "சதை வச்சிருச்சு"ம்பாங்க, டேப்புல அளவு குறைஞ்சிருக்கும். அதே சமயம், தொடைக் கொழுப்பு மட்டும் கரையணும்னு சைக்கிள் மிதிச்சா அது நடக்காது. கொழுப்பு உடம்பு முழுக்கக் குறையும்போதுதான் அங்கயும் குறையும். நிஜமாவே தொடையைப் பெருக்கணும்னு ஆசைப்படறவங்க மேட்டுல எழுந்து நின்னு மிதிக்கணும், வேகமா உதைச்சு ஓட்டணும், அதோட பளுவும் தூக்கணும். பெண்களுக்கு ஆண் ஹார்மோன் ரொம்பக் குறைவு. அதனால அவ்வளவு பண்ணினாலும் ஆம்பளை அளவுக்குத் தசை சாதாரணமா ஏறிடாது.

உங்க ஊர்ல, சென்னையிலயும் கோயமுத்தூர்லயும், தொடை பெருத்துடும்னு சைக்கிளைத் தொடாத பிள்ளைங்க இருக்காங்கன்னு கேள்விப்படறேன். நான் உண்மையிலேயே பயந்தது சதை கூடறதைப் பார்த்து இல்லைங்க, குறையறதைப் பார்த்து. என் வீட்டுக்காரம்மாவுக்கு ஆறு வாரம் கழிச்சு மாவுக்கட்டைப் பிரிச்சப்ப, இடது கால் வேற யாரோ சின்னப் பிள்ளையோட கால் மாதிரி இருந்துச்சு. வலது காலோட வச்சுப் பார்த்தா பாதி மாதிரித் தெரிஞ்சுச்சு. ஆறே வாரம்! கதிர் அறுக்கற, கடலை பறிக்கற கால் அது. சேர்த்து வச்ச சதையெல்லாம் சும்மா இருந்ததுல போயிருச்சு. திரும்பச் சேர்க்க மாசக்கணக்காச்சு. அந்த அம்மா ஒரு நாளும் தவறாம அந்த நிக்கிற சைக்கிளை மிதிச்சாங்க. தொடை தடிக்கட்டும், தடிக்கட்டும்னு நானே டேப்பைத் தூக்கிக்கிட்டு நின்னேன். இன்னிக்கும் இடது தொடை கால் இஞ்ச் குறைவுதான். ஆனா வரப்புல நடக்கறாங்க.

மாவுக்கட்டு போட்டாதான்னு இல்லை. முப்பது வயசு தாண்டினா, உடம்பை வேலை வாங்காம விட்டா, பத்து வருஷத்துக்கு 3லேருந்து 8 சதவீதம் வரைக்கும் தசை குறையும்கிறாங்க. அறுபதுக்கு மேல இன்னும் வேகமாப் போகும். எங்க ஊர்ல என் வயசுக்காரங்க இப்ப பெட்டிக்கடைக்குக் கூட வண்டியை ஸ்டார்ட் பண்ணித்தான் போறாங்க. வயிறு முன்னாடி வந்து நிக்குது, வேட்டியை மடிச்சுக் கட்டினா தொடை குச்சியாத் தெரியுது. பந்தியில தரையில உட்கார்ந்துட்டு எழுந்திரிக்கக் கையை ஊன்றாங்க. வயசானவங்க விழறதுக்கும், விழுந்தா எழுந்திரிக்க முடியாததுக்கும் தொடைப் பலம் போனது ஒரு பெரிய காரணம்.

சைக்கிளை நம்பி எல்லாத்தையும் விட்டுடவும் கூடாது. சைக்கிள்ல நம்ம கனத்தை சீட்டு தாங்குது. முட்டிக்கு அது நல்லது. ஆனா எலும்பு உறுதியாக, உடம்பு கனம் கால்ல இறங்கணும். அதுக்கு நடக்கணும், படி ஏறணும், கொஞ்சம் பாரம் தூக்கணும். சீட்டு உயரமும் முக்கியம். எங்க பக்கத்துல கால் தரையில முழுசா பதியணும்னு சீட்டை அடிவரைக்கும் இறக்கிடறாங்க. அப்படி மிதிச்சா முட்டி அளவுக்கு மேல மடங்கி, கொஞ்ச நாள்ல முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். பெடல் அடியில இருக்கும்போது முட்டி லேசா மட்டும் மடங்கியிருந்தா சரி. பெடலை நடுப்பாதத்தால மிதிக்காம, விரலுக்குப் பின்னால இருக்கிற மேட்டால மிதிக்கணும். சின்னவ சைக்கிளுக்கு ரெண்டு இஞ்ச் சீட்டு ஏத்திக் கொடுத்தேன். எதிர்க்காத்துல முன்னைக்கு இப்ப சுலபமா இருக்குங்கறா.

அவ ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சு ஆறே காலுக்கு வீட்டுக்கு வர்றா. அரைப் பரீட்சையில கணக்குல தேறிட்டா, மார்ச்ல பெரிய பரீட்சை. அந்த விசேஷ வீட்டு அம்மா திருந்தினாங்களான்னு கேட்காதீங்க. தை மாசம் இன்னொரு கல்யாணத்துல பார்த்துட்டு, "இன்னுமா சைக்கிள்ல போறே?"ன்னு கேட்டுருக்காங்க. "ஆமா சித்தி, கணக்கு கிளாஸ் இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்துட்டாளாம். பொங்கலோட டேப் வேலை முடிஞ்சுச்சு, அந்த நோட்டுல மீதிப் பக்கத்துல கணக்குப் போட்டுப் பார்க்கிறா.

உங்க வீட்டுல இப்படி ஒரு பிள்ளை சைக்கிளை நிறுத்தியிருந்தா, திட்டாதீங்க. காலையில எழுந்த உடனே அளக்கச் சொல்லுங்க. கூடவே வீட்டுல இருக்கிற பெரியவங்க காலையும் அளக்கச் சொல்லுங்க.

பத்து மணிக்கு மும்முனை கரண்ட் வரும். கடலைக்குத் தண்ணி பாய்ச்சணும். வரேங்க.